சந்தின் நடுவே ஓடிய எல்லை

வியட்நாமில், பென்தான் என்னும் சந்தைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் ஒரு மோட்டார் பைக் போகத்தான் இடம். ஆனால் எங்கள் வரிசை ஒரு வார்டு, எதிர் வரிசை வேறு வார்டு. வார்டு மன்றத் தேர்தலில் நாங்கள் ஒருவருக்கு வாக்களிப்போம், அவர்கள் இன்னொருவருக்கு. சாக்கடை அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், அது அடுத்த வார்டின் பொறுப்பு என்று இருவருமே கைவிரிப்பார்கள்.

வார்டுகளை இணைத்துப் புது எல்லை போடப் போகிறார்கள், குடும்பத்துக்கு ஒருவர் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். நான் இங்கேயே பிறந்தவள். அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியர். அதனால் வாக்கு எனக்குத்தான் உண்டு. கணவர் காரைக்குடியிலிருந்து மசாலா வியாபாரத்துக்கு வந்தவர். அவருடைய தங்கும் அனுமதி அப்போதுதான் புதுப்பிப்புக்குப் போயிருந்தது.

"போய்க் கேட்டுட்டு வா. வாயத் தொறக்காத," என்றார். "ஒன்னைய ஒண்ணும் பண்ண மாட்டாக. என்னையத்தான் ஊருக்கு அனுப்புவாக."

"சாக்கடையப் பத்தித்தானேங்க சொல்லப் போறேன்."

"எதப் பத்தின்னாலும் எந்திரிச்சு நின்னவ மொகம் அவுகளுக்கு மறக்காது."

ஒரு வகுப்பறையில் கூட்டம் நடந்தது. தெருக்குழுத் தலைவர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். வார்டுகள் பெரிதாகியிருந்தன, எல்லை மட்டும் எங்கள் சந்தின் நடுவிலேயே கிடந்தது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எல்லோரும் குனிந்து கைபேசியைப் பார்த்தார்கள்.

எழுந்துவிட்டேன். அம்மாவின் மொழியே நாக்கில் தடுக்கியது. எதிர் வரிசைக்குப் பின்னால் உள்ள பெரிய சாலையை எல்லையாக வைக்கலாம், சந்து முழுவதும் ஒருவரையே தேர்ந்தெடுத்தால் அவரிடமாவது போய்க் கேட்க முடியும் என்றேன். பிறகு பக்கத்து வீட்டு நூடுல்ஸ் கடைக்காரி, தன் வீட்டிலும் தண்ணீர் வருவதாக உட்கார்ந்தபடியே சொன்னாள். தலைவர் ஏதோ குறித்துக்கொண்டு கூட்டத்தை முடித்தார்.

நடந்ததைச் சொன்னபோது கணவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாசலில் பைக் நின்றாலே எட்டிப் பார்த்தார். இரவில் புரண்டுகொண்டே இருந்தார்.

சில நாளில் சீருடையோடு ஒரு போலீஸ்காரர் வந்து என்னைத் தேடினார். கேட்காமலேயே கணவர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். வந்தவர் அதை வாங்கவில்லை. சந்து எங்கே போய் முடிகிறது என்று பார்த்து வரச் சொன்னார்களாம். காட்டினேன். படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கணவரின் அனுமதி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. காரணம் கேட்க இருவருக்குமே துணிச்சல் இல்லை. புதிய வரைபடத்தில் எல்லை பெரிய சாலைக்குப் போயிருந்தது. என் பேச்சால்தானா என்று யாரும் சொல்லவில்லை.

எதிர் வீட்டுப் பெண்மணி ஒருநாள் என்னை நிறுத்தினாள். அடுத்த கூட்டத்தில் அவளும் ஒன்று சொல்ல வேண்டுமாம். தனியாக எழுந்து நிற்கப் பயமாம், பக்கத்தில் உட்கார வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக் கதவைத் திறந்தேன்.