அழித்த பிறகும் திறந்திருந்த கோப்பு

1. காலை எட்டு இருபதுக்கு அலுவலகத்தைத் திறந்தேன். அன்று மாதாந்திர மின்தடை நாள். ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று முதல் நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள்.

2. அதற்குள் சர்வரை முறையாக நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதற்கு முன், அதில் மாதக்கணக்கில் சேர்ந்திருந்த தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

3. முழு அதிகாரம் உள்ள பயனராக நுழைந்து, அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். எதையும் கேட்காமல், உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் வகைக் கட்டளை அது.

4. கோப்புறையின் பெயருக்கும் அதற்கு அடுத்த சாய்கோட்டுக்கும் நடுவே என் கட்டைவிரல் ஓர் இடைவெளியைப் போட்டது. அதனால் கணினிக்கு அது இரண்டு வேலையாகத் தெரிந்தது. முதலில் இந்தக் கோப்புறையை அழி, அடுத்து இந்தக் கணினியில் இருக்கும் அனைத்தையும் அழி.

5. என்டர் தட்டினேன்.

6. கண் சிமிட்டும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை முடியவில்லை. பிறகு திரையில் வரிகள் ஓடின. இதை அழிக்க முடியவில்லை, அதை அழிக்க முடியவில்லை, பயன்பாட்டில் இருக்கிறது. எதுவும் என் கோப்புறையில் இருந்த பெயர் இல்லை.

7. கட்டளையைப் பாதியில் நிறுத்தினேன்.

8. என்ன மிச்சம் என்று பார்க்கப் பட்டியல் கேட்டேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. பட்டியல் காட்டும் நிரலையும் அழித்திருந்தேன்.

9. மணி எட்டு முப்பத்தொன்று.

காளவாசலில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். நானும் கல்லூரியில் என்னோடு படித்த தோழியும் நடத்துகிறோம். சர்வர் என்று பெருமையாகச் சொல்வது, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு கருப்புப் பெட்டியை. அதில் இருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேறு இடங்களில் பிரதி உண்டு. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அது திருமங்கலத்து அண்ணனின் போர்வெல் பட்டியல்.

அந்த அண்ணன் போர் போடும் வண்டி வைத்திருக்கிறார். பதினான்கு வருடங்களாகத் தான் போட்ட ஒவ்வொரு போரைப் பற்றியும் நோட்டில் எழுதி வந்தவர். எந்த ஊர், யார் தோட்டம், எத்தனை அடி வரை மண், எங்கே சுக்கான் கல், எங்கே கரும்பாறை, எத்தனையாவது அடியில் ஈரம், எத்தனை இஞ்சுத் தண்ணீர். தண்ணீர் வராத போருக்குக் கடைசிக் கட்டத்தில் 'புகை' என்று ஒரே வார்த்தை. வெறும் கல்தூள்தான் பறந்தது என்று அர்த்தம். கிரீஸ் படிந்த பதினொரு நோட்டுகள். நான்கு மாதம் உட்கார்ந்து அவற்றை ஏற்றி, அவர் போனிலேயே பார்க்கும்படி செய்து கொடுத்தேன். யாராவது கூப்பிட்டால், அந்தத் தோட்டத்தைச் சுற்றி முன்பு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வண்டியை எடுக்கிறார். நீரோட்டம் பார்க்கிறவரை நம்புகிறவர்களிடம்கூட இதைக் காட்டிப் பேசுவார்.

"இனிமே நோட்டு தேவையில்லைண்ணே" என்று அன்றைக்குச் சொன்னது நான்தான்.

"நெசமாவா ஆத்தா?" என்று கேட்டுவிட்டு, பதினொன்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார்.

தினமும் இரவில் அந்தப் பட்டியலைத் தானாகவே பிரதி எடுக்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். அந்தப் பிரதி அதே பெட்டியில், மூலத்துக்குப் பக்கத்துக் கோப்புறையில் போய் உட்கார்ந்தது. இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். சுவரில் ஒட்டியிருக்கும் என் வேலைப் பட்டியலில் ஏழாவது வரி அதுதான்: 'பிரதியை வேறு இடத்துக்கு மாற்று.' மூன்று மாதமாக அது ஏழாவது வரியாகவே இருந்தது.

கோப்புப் பெயர்களைக் காட்டும் நிரல் போனாலும், நான் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் அந்தக் கருப்புத் திரைக்கே சொந்தமாகச் சில சொற்கள் தெரியும். அவற்றைக் கொண்டு மிச்சமிருந்த கோப்புறைகளின் பெயர்களை வரவழைத்தேன். போர்வெல் கோப்பு இருந்த கோப்புறையைக் காணோம். பிரதி இருந்த பக்கத்துக் கோப்புறையையும் காணோம்.

அப்போது போன் அடித்தது. அண்ணன்தான்.

"ஆத்தா, ஆபீசுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டேண்ணே."

"கள்ளிக்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துல வண்டிய நிப்பாட்டிட்டு நிக்கிறேன். ஒரு சந்தேகம். மேற்க நம்ம போட்டது நானூத்திப்பத்து அடியில ஒண்ணே கால் இஞ்சுன்னு காட்டுது. கிழக்க போட்டது அறுநூறு போயும் புகைன்னு காட்டுது. நீ கிழக்கயும் மேற்கயும் மாத்தி ஏத்திப்புட்டியா?"

"எதுலண்ணே காட்டுது?"

"எதுல காட்டும்? நீ குடுத்த லிஸ்ட்டுலதேன்."

"எப்பப் பாத்தீங்க?"

"இந்தா, பாத்துக்கிட்டேதான பேசுறேன்."

"வேற ஏதாச்சும் ஊரத் தட்டிப் பாருங்க. இதுவரைக்கும் தொறக்காத ஊரா."

"எதுக்கு?"

"சும்மா தட்டுங்கண்ணே."

போனைத் தட்டிவிட்டு மறுபடி பேசினார். "பேரையூரத் தட்டுனேன். வருது. ஏன், வரக்கூடாதா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இந்த வகைக் கணினியில் ஒரு கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை எடுத்துவிடுவதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது கையை விடும்வரை உள்ளே இருப்பதைக் கணினி தொடாது. போர்வெல் பட்டியலைக் காட்டும் நிரல் போன மாத மின்தடைக்குப் பிறகு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தன்னைச் சுற்றி எல்லாம் போனது அதற்குத் தெரியாது. கள்ளிக்குடியிலிருந்து ஒருவர் கேட்க, பேரையூரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. படித்தது வேறு, அதைக் காதில் கேட்டது வேறு.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். புதுசா எதையும் ஏத்தாதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

"ஏன், குரலு ஒரு மாதிரி இருக்கு?"

மறைக்கத் தோன்றவில்லை. "நான் அத அழிச்சிட்டேண்ணே. தெரியாம."

"எத?"

"நீங்க பாத்துக்கிட்டு இருக்குறத."

"அழிச்சது எனக்கு எப்படித்தா தெரியுது?"

"ஒம்போது மணி வரைக்கும் தெரியும். கரண்ட் போயி மிஷின் நின்னா போயிரும். அதுக்குள்ள எடுக்கணும்."

"நோட்டப் பூராம் எடைக்குப் போட்டாச்சேத்தா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகமாக உறைத்தது. "சரி, நீ பாரு. நான் போனக் கையிலயே வச்சிருக்கேன்."

தோழி அப்போதுதான் உள்ளே வந்தாள். திரையில் நிறைந்திருந்த பிழை வரிகளைப் பார்த்தாள். "என்னடி, ஹேங் ஆயிருச்சா? தள்ளு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்" என்று குனிந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"தொட்டேன்னா கொன்னுருவேன்."

"அடியாத்தி, காலங்காத்தால!"

விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, சர்வரையும் ரவுட்டரையும் பத்து நிமிடம் மட்டும் தாங்கும் யூபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரும் வராத அறையில் அதற்குக் காவல் இருந்தாள். "ஒம்போதுன்னு போட்டா ஒம்போதே காலுக்குத்தான்டி நிப்பாட்டுவாங்க" என்றாள்.

"போன மாசம் எட்டே முக்காலுக்கே நிப்பாட்டுனாங்க."

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தாள்.

பிரதி எடுக்கும் கட்டளையும் போயிருந்தது. பென் டிரைவைச் செருகினால் அதை இணைக்கும் கட்டளையும் இல்லை. ஆனால் பைத்தான் வேறு கோப்புறையில் இருந்ததால் தப்பியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எந்தெந்தக் கோப்பைப் பிடித்திருக்கின்றன என்று வரிசையாகக் கேட்கும் ஆறு வரிகளை எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் தோழிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், இடைவெளி உட்பட. பதில்கள் வந்தன. நடுவில் ஒரு வரியில் போர்வெல் கோப்பின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. தன் சொந்த மரணக் குறிப்போடு அது அங்கே இருந்தது.

அந்த வழியாகவே உள்ளிருப்பதைப் படித்து, ரவுட்டர் மூலமாக என் லேப்டாப்புக்கு அனுப்பினேன். எட்டு ஐம்பதுக்கு முடிந்தது. எட்டு ஐம்பத்திரண்டுக்கு மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

லேப்டாப்பில் கோப்பைத் திறந்தேன். திறந்தது. கடைசி வரி முந்தைய நாளுடையது. சரிபார்ப்பதற்காக முதலிலிருந்து ஓடவிட்டேன். இதே வரிகளை நானே ஒன்று ஒன்றாகத் தட்டியிருக்கிறேன், அப்போது அவை வெறும் எண்கள். இப்போது நாங்கள் இருவரும் வரி வரியாகப் படித்தோம். செக்கானூரணி, எண்பது அடி வரை செம்மண். உசிலம்பட்டி, முந்நூறு அடி கரும்பாறை, பிறகு ஒரு சாண் இடுக்கு, இடுக்கில் ஊற்று. பேரையூர், புகை, புகை, புகை, நான்காவதில் இரண்டு இஞ்சு. பஸ்ஸில் போகும்போது வெறும் தரையாகத் தெரிகிற ஊர்களுக்கு அடியில் இத்தனை இருக்கிறது. அதை ஒருவர் குனிந்து பார்த்து, அடி அடியாக எழுதி வைத்திருக்கிறார். நான் ஓர் இடைவெளியால் அதை இல்லாமல் செய்யவிருந்தேன்.

"எம்புட்டுடி!" என்றாள் தோழி.

ஒன்பது மூன்றுக்கு யூபிஎஸ்ஸின் கத்தல் ஒரே நீளமாகி நின்றது. மேசைக்கு அடியில் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. உடனே போன்.

"ஆத்தா, இப்பப் போச்சு. வெள்ளையா நிக்குது."

"போகட்டும்ணே. எடுத்தாச்சு."

"பூராமா?"

"எழுத்துப் பூராம் வந்துருச்சு. போட்டோவெல்லாம் போச்சுண்ணே." தோண்டத் தோண்ட வரும் கல்தூளைக் குவியல் குவியலாக வரிசையில் வைத்து அவர் எடுத்த படங்கள் அவை. அந்த நேரத்தில் எந்த நிரலும் அவற்றைத் திறந்து வைத்திருக்கவில்லை.

"கல்லு அங்கனயேதான் கெடக்கு, எங்க போகப் போகுது. சரி, கிழக்கா மேற்கா? அதச் சொல்லு மொதல்ல. பயலுக பைப்ப எறக்கிட்டு நிக்கிறாய்ங்க."

பார்த்தேன். இரண்டு போருக்கும் நேரே இருந்த தோட்டக்காரர் பெயர்களை அவரிடம் படித்துச் சரிபார்த்தேன்; நான் ஏற்றியது சரிதான். "மேற்குண்ணே."

இப்போது பட்டியல் நான்கு இடங்களில் இருக்கிறது: புதிதாக நிறுவிய அதே கருப்புப் பெட்டியில், என் லேப்டாப்பில், தோழியின் வீட்டில், அச்சிட்டு பைண்டு செய்து அண்ணனின் வண்டி முன்பெட்டியில். சுவரில் ஏழாவது வரியை அடித்துவிட்டேன். கள்ளிக்குடித் தோட்டத்தில் நானூற்று முப்பது அடியில் ஒரு இஞ்சுத் தண்ணீர் வந்தது, அதையும் ஏற்றியாயிற்று. கல்தூள் படங்கள் திரும்ப வரவில்லை.