மதாமுடன் கறுப்புக் கல்லுக்கு: என் பதினெட்டாவது வெள்ளி

போனவர்கள் மூன்று பேர்: நான், என் கணவர், பக்கத்து வீட்டு வயதான அம்மா, எங்களுக்கு அவர் மதாம். இடம், மொன்றியல் விக்டோரியா பாலத்தடியில் இருக்கும் கறுப்புக் கல். நாள், போன வெள்ளி. மகளுக்கு இரண்டு தரம் கரு கலைந்தது. இந்தப் பிள்ளையாவது நல்லபடி பிறக்க வேண்டுமென்று முருகனுக்கு இருபத்தொரு வெள்ளி விரதம் நேர்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பதினெட்டாவது.

மதாமுக்கு முழங்கால் ஒபரேஷன் வருகிறது. அதற்குமுன் அந்தக் கல்லை ஒருக்கால் பார்க்க வேண்டும், தனியே போக முடியாது என்றார். பேச்சு பிரெஞ்சு, குடும்பப் பெயர் ஐரிஷ். ஏன் என்று நான் கேட்டதில்லை.

காலை 9.40க்கு வாந்தோம் என்ற நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். ஆளுக்கு 3.75 டொலர், மதாமுக்கு வயதுச் சலுகையில் இலவசம். இரண்டாவது நிறுத்தமான லியோனல்-குரூவில் லிஃப்ட் இருக்கிறது. அங்கே இறங்கி டாக்ஸி எடுத்தோம், 16 டொலர். சாரதி எங்கடை ஆள்.

"அங்கை பாக்க ஒண்டுமில்லை அக்கா. நடு றோட்டிலை ஒரு கல்லு."

"நாங்கள் கும்பிடுறதும் கல்லைத்தானே தம்பி" என்றேன்.

பத்தடி உயரக் கல். அதிலிருந்த எழுத்தை எட்டி வாசித்த கணவர், "இஞ்சாரும், அதிலேயே நில்லும். இது சுடலை, பிணம் தாட்ட இடமப்பா!" என்றார்.

மதாம் நினைவுக்கல் என்றதும் சிலை மாதிரி ஒன்று என்று நினைத்துவிட்டேன். விசாரிக்காதது என் பிழைதான். 1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம். தப்பிக் கப்பலேறியவர்கள் காய்ச்சலோடு இங்கே வந்திறங்கி, ஆற்றங்கரைக் கொட்டில்களில் கிடந்து செத்தார்கள். ஆறாயிரம் பேர். பிறகு பாலம் கட்ட வந்த தொழிலாளர்கள் எலும்புகளைக் கண்டு, 1859இல் இந்தக் கல்லை நட்டார்கள்.

"விரதத்தோடை உள்ளுக்கை கால் வைக்கப் போறீரே?" என்றார் கணவர்.

மேடுபள்ளமான புல்லில் மதாம் தடியோடு தடுமாறினார். திரும்பி எனக்குக் கை நீட்டினார். "அப்பாவுடைய தாத்தா இங்கே நின்ற அநாதைப் பிள்ளை. ஆறு வயது. காய்ச்சல் கொட்டில் பிள்ளையென்று தெரிந்தும் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வீட்டுக்குள் எடுத்தது. பெயரைக்கூட மாற்றவில்லை."

நான் போய்க் கையைக் கொடுத்தேன். "சொன்னாக் கேக்கமாட்டீர்" என்று முணுமுணுத்தபடி கணவர் மதாமின் மற்றக் கையைப் பிடித்தார். மதாம் கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பஞ்சாட்சரம் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம். வீட்டுக்கு வந்து தலை முழுகி, விளக்கேற்றி, ஒருநேரச் சாப்பாட்டோடு விரதத்தை முடித்தேன்.

பின்னேரம், விஷயம் கேள்விப்பட்டு, கர்க்லாண்டிலிருந்து மகளின் மாமியார் ஃபோன். "சுடலைக்குப் போனால் விரதம் முறிஞ்சுது. ஒண்டிலையிருந்து தொடங்குங்கோ, சம்பந்தி." பிள்ளை பிறக்க நாலு கிழமை, நாலே வெள்ளிதான் இருக்கிறது. இருபத்தொரு வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?

போக நினைப்பவர்களுக்கு: இரண்டு பக்கமும் வாகனங்கள் பறக்கும், பார்த்துக் கடவுங்கள். கழிப்பறை எதுவும் கண்ணில் படவில்லை. மயானம் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் போங்கள்.

நடக்க ஏலாதவருக்குக் கை கொடுத்ததற்கு முருகன் கோபிப்பான் என்று நான் நம்பவில்லை. கலண்டரில் வருகிற வெள்ளிக்குப் பத்தொன்பது என்றே குறித்திருக்கிறேன். என்றாலும் நான் விரதமுறையைப் புத்தகம் பார்த்துப் படித்தவள், இது மகளின் விஷயம். முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அது பத்தொன்பதாவதா, முதலாவதா? வியாழன் பின்னேரத்துக்குள் பதில் எழுதுங்கள்.