கடைசி டிராமும் இரண்டாம் சரணமும்

நான்கு முள் கொண்ட முட்கரண்டியை மையில் தோய்த்து, மரச்சட்டத்தை ஒட்டி இழுத்தன ஹெட்விகாவின் கைகள். நான்கு கோடுகள் விழுந்தன. இசைக்குறி எழுத ஐந்து கோடு வேண்டும், ஐந்தாவதைப் பேனாவால் தனியே போட்டாக வேண்டும். அதிலும் இடைவெளி பிசகவில்லை. தாளின் மறுபக்கத்தில் முகாம் சமையலறையின் படிவம் அச்சாகியிருந்தது.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த இந்தத் தெரேசின் முகாமுக்குக் கொண்டுவரப்படும் முன், அவள் பதினெட்டு வருடம் ப்ர்னோ நகர நாடக அரங்கில் வாத்தியக்காரர்களுக்கு இசைப் பிரதி எழுதியவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழைய பிரதிகளைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பக்கம் முடியும் இடத்தில், தாளைப் புரட்ட வாசிப்பவர் கைக்கு ஓய்வு வர வேண்டும். வராவிட்டால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

இந்தப் பிரதி வயோலாக்காரர் ஏகோன் பிக்குக்கு. அவரும் அதே அரங்கில் வாசித்தவர்தான். இங்கே வந்து மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. இன்று மதிய ஒத்திகையில் தடுமாறினால் வேறு ஆளைப் போடுவதாக முகாம் வாத்தியக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். வாத்தியக் குழுவில் பெயர் இருக்கும்வரை கிழக்கே போகும், போனவர் யாரும் திரும்பாத ரயிலில் ஏற்ற மாட்டார்கள் என்று முகாமில் பலரும் நம்பினார்கள். அதனால்தான் ஹெட்விகா ஒவ்வொரு குறியையும் பட்டாணி அளவுக்கு எழுதினாள்.

கடைசித் தாளை முடித்துச் சரிபார்த்தபோது அவளுக்குத் திக்கென்றது. ப்ர்னோவில் போட்ட அதே இசை நாடகம்தான், ஆனால் அதன் முடிவில் வரும் நாயகி பாட்டின் இரண்டாம் சரணத்தையே காணோம். பதினாறு தாளக் கட்டங்கள்!

கை பழக்கத்தில் தாவிவிட்டது. ப்ர்னோவில் அந்தச் சரணத்தை யாரும் வாசித்ததில்லை. அதையும் பாடினால் ஜனங்கள் கடைசி டிராமைத் தவறவிடுவார்கள். திரை விழுந்ததும் எல்லோரும் ஓடுவார்கள். மைக்கறை விரல்களோடு ஹெட்விகாவும் ஓடுவாள். பிக் தன் வயோலாப் பெட்டியை டிராம் கதவிடுக்கில் செருகிக்கொண்டு, "ஏறும்மா, சீக்கிரம்!" என்பார். உள்ளே ஈரக் கம்பளி வாசனை. யார் மடியிலாவது சுட்ட செஸ்ட்நட் கொட்டைப் பொட்டலம். அந்தப் பாட்டை வண்டியே முணுமுணுக்கும், முதல் சரணம் மட்டும். இரண்டாவது யாருக்கும் தெரியாது.

பக்கத்துப் படுக்கை இர்மா எட்டிப் பார்த்தாள். "பதினாறு கட்டம்தானே, விடேன்டி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எல்லாரும் அதை வாசிச்சிட்டிருக்கப்ப பிக் மட்டும் முன்னால ஓடி நிப்பாரு. அப்ப ஊருக்கே தெரியும்."

தாள் தீர்ந்துபோயிருந்தது. ப்ர்னோவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தாள். கோடு போட்டாள், பதினாறு கட்டங்களையும் எழுதினாள். காலை ரொட்டியில் மிச்சம் வைத்திருந்த துண்டை மென்று பசையாக்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் தொங்கும்படி ஒட்டினாள். புரட்ட வேண்டியதில்லை, கண் கீழே இறங்கினால் போதும்.

ஒத்திகைப் பரணின் வாசலில் பிக் காத்திருந்தார். அவள் தாள்களை அவர் கண்ணெதிரே தூக்கிப் பிடித்தாள்.

"என்னம்மா இது, பட்டாணியைக் கொட்டி வச்சிருக்கே?"

"தெரியுதா இல்லையா, அதைச் சொல்லுங்க ஐயா."

"தெருவுல போறவனுக்கும் தெரியும். ஆமா, இதென்ன வாலு?"

"ரெண்டாவது சரணம். கை தன்னால தாவிடுச்சு. நீங்களும் தாவிடாதீங்க."

பிக் அந்த வாலையே பார்த்தார். அவர் உதடு முதல் சரணத்தை முணுமுணுத்து முடித்து, பழகாத இரண்டாவதற்குள் மெல்ல இறங்கியது. ஒரு கட்டத்திலும் தடுமாறவில்லை.

"இங்க எந்த டிராமைப் பிடிக்கணும்? குடும்மா, முழுசா வாசிக்கிறேன்."

பசை இன்னும் காயவில்லை. வால் கிழியாமல் அடியில் உள்ளங்கையைத் தாங்கலாக வைத்து, ஹெட்விகா தாள்களை அவரிடம் கொடுத்தாள்.