தம்பி மனைவியின் இரண்டாம் கல்யாணம்

ரிங் ரோட்டில் லாரி மோதித் தம்பி இறந்தபோது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். வில்லாபுரத்தில் என் அம்மாவோடேயே இருந்துகொண்டாள். இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள். அவனைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

திருநகரிலிருந்து பார்க்கப் போன நான் ஒருநாள் பேச்செடுத்தேன். யாருக்கு என்ன துக்கம் வந்தாலும் எங்கள் ஆபீசில் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது.

"மூவ் ஆன் ஆகணும்மா. இம்புட்டுச் சின்ன வயசுல எத்தனை நாளைக்கு இப்படியே இருப்ப?"

"எங்க மதினி போகச் சொல்றீக?" என்றாள். கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அடுப்படியிலிருந்த அம்மா இதைக் காதில் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு அவளே அலைந்து மாப்பிள்ளை பார்த்தாள். திருமங்கலத்துக்காரர், மனைவியை இழந்தவர். கோயிலில் தாலி கட்டும்போது முதல் அட்சதை அம்மாவுடையது. புறப்படும்போது அந்தப் பெண் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"எந்திரி தாயி, நேரமாச்சு" என்று அம்மா தூக்கி நிறுத்தினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை.

அங்கே போன பிறகும் தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். சில வாரங்கள் பேசிய அம்மா ஒருநாள் சொல்லிவிட்டாள்: "இனிமே இங்க பேசாத தாயி. போன எடத்துல மனசு ஒட்ட வேணாமா?"

அவள் கேட்கவில்லை. மறுநாளும் போன் அடித்தது. அன்று அங்கே வந்திருந்த நான் எடுக்கப் போனேன். "விடு" என்றாள் அம்மா. மடியில் கையை வைத்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோனது.

போன மாதம் பசுமலை பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

"அத்தை நேரத்துக்குச் சாப்பிடுறாகளா, மதினி?"

தலையாட்டினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவளைக் குழந்தையோடு பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன குழந்த?"

"பொண்ணு. அப்படியே அவ சாயல்."

"நம்ம பயலுக்குப் பொறந்திருந்தா அவன் மூக்கு வந்திருக்கும்ல."

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். தம்பி போன அன்று அழாத அழுகை அது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.