லெயோகாதியின் மீசை

பாரிஸ் போலீஸ் மொத்தமும் எங்கள் லெயோகாதிக்கு சல்யூட் அடித்தது. சரி, மொத்தமும் என்பது கொஞ்சம் அதிகம். ஒரே ஒரு காவலர். ஆனால் ஆள் நல்ல பருமன்.

சுவரில் இருக்கும் அச்சுப்படத்தைப் பாருங்கள். காளைச் சண்டைக்காரன் உடையில், காளையை வறுப்பதா வேகவைப்பதா என்று யோசிக்கிறவள் போல நிற்கிறாளே, அவள்தான். நிஜத்தில் மதாம் புவாவ்ராரின் சலவைக்கடையில் சட்டைக் காலர்களுக்கு இஸ்திரி போடுகிறவள். காளையைக் கசாப்புக்கடையில் மட்டுமே பார்த்தவள்.

அப்போது பேரரசி ஸ்பெயின்காரி; ஊரே ஸ்பெயின் பித்துப் பிடித்து அலைந்தது. கார்னிவல் முடியும் செவ்வாயன்றே ஓவியர் ப்ருயான் அவளை வரைந்திருக்க வேண்டும். அன்று பெண்கள் கால்சட்டை போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். மனிதர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். மறுநாள் சாம்பல் புதன்; கோவிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு வரைய வந்து உட்கார்ந்தார். கார்னிவல் முடிந்துவிட்டாலோ, கால்சட்டை போடும் பெண்ணுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும். இல்லையென்றால் ஸ்டேஷன். ஸ்டேஷனுக்குப் போய்வந்த பெண்ணை மதாம் கடைக்குள் விடமாட்டாள்.

நான் ப்ருயானின் படங்களை அச்சடிக்கும் அச்சகத்தில் வண்ணம் பூசுகிறவள்; அன்று அவர் அறையில் நானும் இருந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் யாரிடம் போட்டுக்கொடுத்ததோ, மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"அவுத்துடுடீ" என்றேன்.

"எப்படி அவுக்கறது? தொளதொளன்னு இருக்குன்னு நீதானே மேல்சட்டையோட சேத்துத் தச்சே?"

சத்தம் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. அச்சுக்கல்லில் படம் வரைகிற குச்சி, கொழுப்பும் கரியும் சேர்த்துச் செய்தது, ப்ருயான் கையில் இருந்தது. அதை அவள் உதட்டுக்கு மேல் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"ஆடாதே. கோணிக்கும்."

கதவு திறந்தது.

"இங்க ஒரு பொம்பள கால்சட்டையோட நிக்கிறாளாமே?"

"பொம்பளைன்னா அதோ, வண்ணம் பூசுறவ ஒருத்திதான். பாவாடைதான் கட்டியிருக்கா" என்றார் ப்ருயான்.

காவலர் லெயோகாதியை மெதுவாகச் சுற்றி வந்தார். அவள் மூச்சே விடவில்லை. விட்டால் என் தையல் பிரிந்துவிடும். மீசைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். நான் கையிலிருந்த தூரிகையைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர் குதிகால்களைச் சேர்த்து, விறைப்பாக சல்யூட் அடித்து, "மன்னிக்கணும், முஸ்யே" என்று ஓர் ஆணிடம் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"சல்யூட்டா?" நான் இதை வாசித்துக்காட்டும்போது லெயோகாதி, தேய்க்கிற சட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கட்டைவிரல்ல எச்சில் தொட்டு என் மீசையை அழிச்சுப் பாத்தான்டீ. கொழுப்பு எச்சிலுக்குப் போகுமா? போகல. அதான் அவன் போனான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூஞ்சியில துணியைக் கட்டிக்கிட்டு, பல்வலின்னு மதாம்கிட்ட சொல்லி இஸ்திரி போட்டேன். அதை எழுது."