தெற்கு மணல்

கோடியக்கரைக்கு மேற்கே உப்பங்கழிக்குள் ஒரு சிறு மணல் தீவு இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் பறவைக் கணக்கெடுப்புக்காகப் பல ஆண்டுகள் அங்கே போய்வந்தேன்.

எங்களுக்குப் படகு ஓட்டியவர் அந்தத் தீவில் பிறந்தவர். அப்போது அங்கே எட்டுக் குடிசைகளும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்தனவாம். சரணாலயம் என்று அறிவித்ததும் எல்லோரையும் கரையில் குடியேற்றிவிட்டார்கள். ஆள் நடமாட்டம் நின்றதும் பூநாரைகள் சேற்றில் இறங்கின. ஆலா என்னும் கடற்பறவைகள் மணலில் முட்டையிட வந்தன. என் நோட்டில் அதைச் சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வெளியேறுவதற்கு முந்தின வருடம் அவருடைய நான்கு வயது மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். தெற்கு மணலில்தான் புதைத்தார்கள். நான் பறவைகளை எண்ணி முடிப்பதற்குள் அவர் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வருவார்.

ஒரு கோடையில் கேட்டார். "டீச்சர், அடுத்த தடவ எம் பொண்டாட்டியக் கூட்டியாரட்டுங்களா? கரைக்கு வந்ததுலேருந்து அவ அந்த எடத்தப் பாக்கவே இல்ல."

"லிஸ்ட்ல பேர் இல்லாதவங்கள ஏத்தக் கூடாதுண்ணே. முட்டை வைக்கிற நேரம் வேற."

"சரிங்க" என்றார். மறுபடி கேட்கவில்லை. அனுமதி கேட்டு வனத்துறைக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்தக் கார்த்திகையில் புயல் அடித்தது. திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. தை மாதம் படகில் போனோம். தீவின் தெற்குப் பாதியைக் காணவில்லை. அவர் இன்ஜினை நிறுத்தி, நீளமான கம்பைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார். அடி தட்டவில்லை.

அதன் பிறகுதான் கடிதம் எழுதினேன். ஒரே வாரத்தில் அனுமதி கிடைத்தது.

அவருடைய மனைவி தூக்குவாளியில் பால் கொண்டுவந்திருந்தார். "இதுதானா எடம்?" என்று கணவரிடம் கேட்டார்.

"இங்கதான்னு நெனக்கிறேன்" என்றார் அவர்.

பாலைத் தண்ணீரில் ஊற்றிவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்? எப்புடி இருந்துச்சு?"

குழந்தையைப் புதைத்த இடத்தைச் சுற்றிலும் படகோட்டி அண்ணன் கிளிஞ்சல் பதித்து வைத்திருந்ததைச் சொன்னேன். போன கோடையில் அந்த வட்டத்துக்குள் ஓர் ஆலா இரண்டு முட்டை இட்டிருந்ததையும் சொன்னேன்.

"குஞ்சு பொரிச்சிச்சா?"

"பொரிச்சிச்சுக்கா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை.

அவர் தலையசைத்துவிட்டு, குனிந்து, தூக்குவாளியை அந்தத் தண்ணீரிலேயே அலசினார்.