மாவட்டம் வருகிற வரைக்கும்

அந்த வருடம் எங்கள் வீட்டில் விடிகாலை என்பது சுகந்தி அக்கா தொண்டை கொப்பளிக்கும் சத்தம்தான். உப்பும் மஞ்சளும் கரைத்த வெந்நீரை அண்ணாந்து வாயில் நிறுத்தி அவள் கரகரவென்று கொப்பளிப்பது தோட்டத்துப் பக்கமிருந்து கேட்கும். அடுப்படியிலிருந்து ஓமமும் மிளகும் சேர்ந்து கொதிக்கிற காரநெடி வந்து கண்ணை எரிக்கும். “ஊருக்கோசரம் கத்திட்டு வந்து வூட்ல ஊமையா கீறா” என்று முணுமுணுத்தபடியே அம்மா டம்ளரை அவள் கையில் கொடுப்பாள். அக்கா பதில் சொல்லமாட்டாள். சொல்வதற்குக் குரல் இருக்காது. இருந்ததையெல்லாம் முந்தின நாள் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

இயக்கங்களில் உற்சாகத்துக்கு என்ன வேலை என்று படித்தவர்கள் மேடையில் உட்கார்ந்து அலசுவதை இப்போது அடிக்கடி கேட்கிறேன். ‘வெற்று ஆரவாரம்’ என்கிறார்கள், ‘உணர்ச்சிக் கொந்தளிப்பு’ என்கிறார்கள், அதனால்தான் எதுவும் நிலைக்கவில்லை என்று முடிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உற்சாகத்தை யார் விளைவித்தார்கள், யார் அறுத்துக்கொண்டு போனார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த காலம். சாலையோரத்துக் கரம்பு நிலமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பி வேலிக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்படி வந்த ஒரு கம்பெனி எழுப்பிய மதில், எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. ஐப்பசி மழை அந்த வருடம் குறையில்லாமல்தான் பெய்தது. ஆனால் வந்த வெள்ளம் மதிலில் முட்டித் திரும்பிச் சாலையில் ஓடி வீணாயிற்று. ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்திருந்த அப்பா கரைமேல் நின்று, நடுவில் முழங்கால் அளவு குட்டையாகக் கிடந்த தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனு கொடுத்தார்கள். கொடுத்த மனுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு இன்னொரு மனு கொடுத்தார்கள்.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. தண்டலம் பக்கம் ஒயர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் லைனில் வேலை. லீவு நாளில் ஒருமுறை, புல்லறுத்துக்கொண்டு திரும்பிய பெண்களோடு அந்த மதிலோரம் வந்தவள், புல்கட்டை இறக்கிப் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமல் தானாகவே கத்தினாள்: “செவுத்த ஒடை, தண்ணிய வுடு!” பெண்கள் சிரித்தார்கள். அவள் மறுபடி கத்தினாள். சிரித்தவர்களில் ஒருத்தி சேர்ந்துகொண்டாள், பிறகு எல்லோரும். எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த மாரியப்பன் அண்ணன், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்து அங்கே கிடந்த நீல டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். அந்தத் தாளத்துக்குக் கோஷம் பாட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மதிலோரம் கூட்டம். நாங்கள் காலனி. ஊர்த்தெருப் பெண்கள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கே ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள். எங்கள் அக்கா எடுத்துக் கொடுக்க, ஊர்த்தெரு ஆண்கள் பின்னால் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். எந்தச் சட்டமும் எந்த உபதேசமும் செய்ய முடியாததை அந்த ஆரவாரம் செய்தது. ‘ஊர் கூடினாத்தான் தேர் நகரும்’ என்று எப்போதும் சொல்கிற பெரியவர்கள்கூட, ஊர் என்று அதுவரை அவர்கள் சொன்னதில் நாங்கள் இருந்ததில்லை என்பதை மறந்து, அக்காவைப் பார்த்து அதையே சொன்னார்கள். கம்பெனி மேனேஜர் ஒருநாள் கேட்டுக்கு வெளியே வந்து, பேசிப் பார்க்கலாம் என்று சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது.

அப்போதுதான் ‘மாவட்டம்’ வந்தார். மாவட்டச் செயலாளர் என்ற பதவியைச் சுருக்கி அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கட்சி எது என்பது முக்கியமில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். வெள்ளை வண்டியிலிருந்து இறங்கி, அக்காவின் கோஷத்தைக் கைகட்டிக் கேட்டு, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். “இந்தத் தங்கச்சி ஒண்ணு போதும்யா, ஆட்சியே ஆடும்” என்றார். ஊர் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து போராட்டம் அவருடையதாயிற்று. படப்பையில் கூட்டம், மணிமங்கலத்தில் கூட்டம், ஒரகடம் கூட்டுரோட்டில் கூட்டம். எல்லாவற்றிலும் அக்காவுக்கு ஒரே வேலை. “மாவட்டம் வர்ற வரைக்கும் கூட்டத்த சூடா வெச்சிக்கோமா” என்று மைக்கைக் கொடுப்பார்கள். மாவட்டம் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மோடே வந்து மேடையேறி, கலையப் பார்க்கிற கூட்டத்தை அக்கா தன் தொண்டையால் இழுத்துப் பிடித்து நிறுத்துவாள். தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொள்வார். அவள் பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட வேண்டும். எந்தச் சுவரொட்டியிலும் அவள் பெயர் வந்ததில்லை.

மாரியப்பன் அண்ணனுக்குத்தான் முதலில் உறைத்தது. “ஏ தாயி, அவுக வாரவரைக்கும் நீ கத்தணும், வந்த பெறவு எறங்கிரணும். இது என்ன நாயம்?” என்று கேட்டார். அம்மா இன்னும் பச்சையாகச் சொன்னாள்: “தேர இழுக்கறது நீங்க. மேல குந்திகினு வர்றது அவுரு.” அக்கா இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். “யாரு பேரு வந்தா இன்னா? ஏரிக்குத் தண்ணி வந்தா போதும்.”

கட்சி அறிவித்த சாலை மறியல் அன்று மாவட்டம் சாலை நடுவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். “இன்னிக்கு அந்தச் செவுரு இருக்கக்கூடாது” என்று மைக்கில் முழங்கினார். அவரையும் அவர் ஆட்களையும் போலீஸ் மரியாதையாக வண்டியேற்றி ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோயிற்று. மைக்கில் கேட்டதை நிஜம் என்று நம்பிய எங்கள் ஊர்ப் பையன்கள் கடப்பாரையால் மதிலில் சில கற்களைப் பெயர்த்தார்கள். அவர்களையும், மதிலோரம் நின்று கோஷம் போட்ட அக்காவையும், டிரம் அடித்த மாரியப்பன் அண்ணனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் சாப்பிட்டு முடித்துச் சாயங்காலம் விடுதலையாகி வந்திருந்த மாவட்டம், இன்ஸ்பெக்டருக்கு எதிரில் நாற்காலியில் இருந்தார். அம்மா அவர் காலடியில் போய் நின்றாள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “சின்னப் புள்ளைங்க சார். ஆர்வக்கோளாறு. கட்சிக்கும் செவுத்த இடிச்சதுக்கும் சம்பந்தம் இல்ல.”

ஆர்வக்கோளாறு. ஆட்சியே ஆடும் என்று அவர் துண்டு போர்த்திய அதே ஆர்வம்தான். மேடையில் அதற்குப் பெயர் எழுச்சி, ஸ்டேஷனில் கோளாறு. அக்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவள் அழவில்லை. ஏதோ ஒரு கணக்கு அவளுக்குள் அப்போது நேராகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

ஜாமீனில் வந்தபோது அக்காவுக்கு வேலை போயிருந்தது. “கேஸு இருக்கிற பொண்ண லைன்ல வெச்சிக்க முடியாதும்மா” என்று சூப்பர்வைசர் கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். மாரியப்பன் அண்ணன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். “ஏரி நெறஞ்சா ஒரு போனு போடு தாயி” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கம்பெனியோடு மாவட்டம் நடத்திய பேச்சுவார்த்தை முடிந்தது என்றார்கள். எந்தப் பேச்சுக்கும் ஊரிலிருந்து ஒருவரைக்கூட அழைக்கவில்லை. மாட்டுவண்டி இறங்கிப் போகிற அகலமுள்ள கால்வாய்க்குப் பதிலாக, மதிலுக்கு அடியில் ஒரு சிமென்ட் குழாய் வைத்தார்கள். நான் படுத்துக்கொண்டால் நுழையலாம், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன்கள் மாவட்டத்தின் மச்சான் பெயரில் ஓடின.

இதற்கு எங்கள் ஊர்த் திடலிலேயே நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டார்கள்! கொடியும் சீரியல் லைட்டும் கட்டி முடித்து, வெட்கமில்லாமல் அக்காவைக் கூப்பிட வந்தார்கள். மாவட்டம் வர நேரமாகுமாம், கூட்டத்தைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டுமாம். “போவாதடி” என்று அம்மா கதவை மறித்தாள். அக்கா, “போறேம்மா, இன்னிக்கு மட்டும்” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மைக்கை வாங்கினாள். திடல் நிறைய எங்கள் ஜனம். வழக்கம்போல் கோஷத்துக்குக் காத்திருந்தது. அக்கா கத்தவில்லை, வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

“மாவட்டம் இன்னும் வர்ல. அதுவரைக்கும் என்னக் கத்தச் சொல்லிகிறாங்க. நா கத்த மாட்டேன். நீங்களும் கத்தாதீங்க. ஒரு கொழாய வெச்சிட்டு ஜெயிச்சிட்டோம்னு சொல்ல வர்றாரு. வந்து சொல்லட்டும். யாரும் எழுந்து போவாதீங்க, கல்லு கில்லு எடுக்காதீங்க. சும்மா குந்திகினு கேளுங்க. ஒரு கை தட்டு அவுருக்குப் போவக்கூடாது.”

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, பின்படி வழியாக இல்லாமல் முன்பக்கமாகக் குதித்து இறங்கி, பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

மாவட்டம் வந்தார். வெடி வெடித்தார்கள். “வாழ்க” என்று ஒருவர் கத்தினார். எதிர்க்குரல் வராததால் இரண்டாவது ‘வாழ்க’ பாதியிலேயே உள்ளே போய்விட்டது. அவர் பேசினார். கைதட்டல் வரும் இடங்களில் பழக்கத்தில் நிறுத்தினார். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஊர்த்தெருவும் காலனியும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தன. அவர் வியர்த்தார், தண்ணீர் கேட்டார், சீக்கிரம் முடித்தார். போகிற போக்கில் வண்டிக் கண்ணாடியை இறக்கி, “உற்சாகம் இல்லாத ஊரு உருப்படாதுய்யா” என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் உருப்படவில்லைதான். அடுத்த மழைக்கே குழாயைக் குப்பை அடைத்தது. ஏரி நிறையவில்லை. அப்பா வாரத்தை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியிலேயே செக்யூரிட்டி உடுப்பு மாட்டிக்கொண்டு அந்த மதிலையே காவல் காத்தார். அந்தச் சட்டையை அக்கா துவைத்ததில்லை. அப்பாவும் அவளிடம் கொடுத்ததில்லை. கேஸ் வருடக்கணக்கில் இழுத்து ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் அதற்குள் அவளை எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு படப்பைக்குப் போய், தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

இன்று அந்த ஏரியின் கீழ்ப்பாதியில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நன்றிக் கூட்டம் போட்ட திடல் பிளாட்டாகிவிட்டது. கூட்டங்களுக்கு இப்போது யாரும் தானாக வருவதில்லை. வேனில் ஏற்றி வருகிறார்கள், எங்கே கைதட்ட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஊரும் காலனியும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்ததை என் மாணவிகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். இப்படி உற்சாகத்தை உலர்த்திப் போட்டவர்களே மேடையேறி, ‘இளைஞர்களிடம் எழுச்சி இல்லை’ என்று வருத்தப்படும்போது, கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் போலிருக்கிறது.

போன மாதம், வேலையை விட்டு நிறுத்தப்பட்ட கம்பெனிப் பெண்கள் சாலையோரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெற்கத்திப் பெண்கள், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவர்கள். அக்கா தினமும் தையலைப் போட்டுவிட்டு அங்கே போகிறாள் என்று கேள்விப்பட்டு, எதிர்ப்பக்கத்து டீக்கடையில் அவளைப் பிடித்தேன். எனக்கு ஆத்திரம்.

“பட்டது போதாதாக்கா? நாளைக்கு எவனாவது ஒரு மாவட்டம் வந்து இதையும் எடுத்துகினு போவப்போறான்.”

“வருவான்” என்றாள். குரல் அப்போதே உடைந்ததுதான், பிறகு சரியாகவே இல்லை. “அவன் எடுத்துகினு போயிட்டான்னு நானும் வுட்டுட்டா, அப்பறம் அது அவன்துன்னே ஆயிடாதா?”

டீ கிளாஸை வைத்துவிட்டு, லாரி ஒன்று போகக் காத்திருந்து, சாலையைக் கடந்தாள். பந்தலுக்குள் அந்தப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள்.